ஏழுக்கு ஏழு

செல்வி, பிரபு, இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். செல்வி மறைமலை நகரில் குவாலிட்டி பிரிவில் சேர்ந்து இன்றோடு பதினெட்டு நாள். பிரபுவுக்கு அடுத்த மாதம் ஒரகடத்தில் ட்ரெய்னிங். நேற்று சாப்பிடும்போது செல்வி சொன்னாள், "எங்க செக்ஷன்ல நம்பர் எழுதறதுதாம்பா பாதி வேலை" என்று. நான் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டேன். அம்மா என்னவென்று கேட்டாள், பல் வலி என்று சொல்லிவிட்டேன்.

நான் பத்தாவது வரை படித்தவன். உங்களுக்குத் தெரியாத தொழில் எதையும் நான் சொல்லிக்கொடுக்கப் போவதில்லை. என் கையால் ஒரு காரியம் கெட்டது. அது எப்படிக் கெட்டது என்று மட்டும் சொல்கிறேன். உங்களோடு வேலைக்குச் சேர்ந்திருக்கிற மற்ற பிள்ளைகளுக்கும் படித்துக் காட்டுங்கள். என்னைப் பற்றி அவர்கள் என்ன நினைத்தாலும் பரவாயில்லை.

நான் இருந்த கம்பெனியில் கார் சக்கரத்தின் நடுவில் வருகிற ஹப் செய்தோம் என்பது உங்களுக்குத் தெரியும். அதில் ஐந்து துளை இருக்கும், சக்கரத்தை மாட்டுகிற போல்ட் இறங்குவதற்கு. முப்பது ஹப் ஒரு ட்ரே. ஒவ்வொரு ட்ரேயிலும் ஒரு அட்டை, அட்டையில் பன்னிரண்டு இலக்கத்தில் ஓர் எண். அந்த எண்ணில் தேதியும் இருக்காது, மெஷினும் இருக்காது. கம்ப்யூட்டர் வரிசையாகக் கொடுத்துக்கொண்டே போகிற எண், அவ்வளவுதான். அதைக் கம்ப்யூட்டரில் அடித்தால்தான் எந்த மெஷின், எந்த ஷிஃப்ட், யார் ஓட்டியது என்று வரும். ஸ்கேனர் எல்லாம் இருந்தது. ஆனால் எங்கள் கம்ப்யூட்டரும் கார் கம்பெனியின் கம்ப்யூட்டரும் ஒன்றோடு ஒன்று பேசாது. அதனால் அவசரம் என்றால் ஃபோன்தான். அங்கே ஸ்டோரில் ஒரு பெண் எண்ணைப் படிப்பாள், இங்கே டிஸ்பேட்ச் மேஜையில் நான் எழுதுவேன்.

பன்னிரண்டு இலக்கத்தை எழுதினால் தப்பு வரும். எல்லோருக்கும் வரும். அதற்கு நான் ஒரு வழி வைத்திருந்தேன். பள்ளியில் படித்ததுதான். எண்ணின் இலக்கங்களை எல்லாம் கூட்டு, வந்ததை மறுபடி கூட்டு, ஓர் இலக்கம் வரும்வரை கூட்டு. கடைசியில் வருவதுதான் அந்த எண்ணை ஒன்பதால் வகுத்தால் வரும் மீதி. ஒன்பதே வந்தால் மீதி இல்லை என்று அர்த்தம். எவ்வளவு பெரிய எண்ணாக இருந்தாலும் சரி. நாற்பதாயிரம் கோடிக்கு மேலே போகிற எண்ணை வகுக்காமலே, விரல்விட்டு, பத்து நொடியில் மீதி சொல்லிவிடலாம். எனக்கு அது ஒரு மந்திரம் மாதிரி இருந்தது. ஏன் அப்படி வருகிறது என்றும் யோசித்து வைத்திருந்தேன். பத்து என்பது ஒன்பதும் ஒன்றும். நூறு என்பது தொண்ணூற்றொன்பதும் ஒன்றும். ஆயிரம், லட்சம், கோடி எதுவானாலும் ஒன்பதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒன்றுதான். ஆகையால் ஓர் இலக்கம் கோடி இடத்தில் நின்றாலும் ஒன்றாம் இடத்தில் நின்றாலும் ஒன்பதுக்கு இரண்டும் ஒன்றேதான்.

இதை நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன், கண்ணுங்களா. இதில்தான் விஷயம் இருக்கிறது என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.

ஒரு தடவை இந்தக் கணக்கு கம்பெனியின் மானத்தைக் காப்பாற்றியது. வெளிநாட்டுக்குப் போகிற கன்டெய்னரில் ஒட்டுகிற சீட்டில் மூன்றுக்குப் பதில் ஐந்து அடித்துவிட்டார்கள். கூட்டிப் பார்த்தேன், இரண்டு கூடுதலாக வந்தது. கேட்டில் போய் வண்டியை நிறுத்தினேன். பிளான்ட் ஹெட் எல்லோர் முன்னாலும் கைகொடுத்து ஒரு ஹாட்பாக்ஸ் பரிசு கொடுத்தார். நம் வீட்டில் அம்மா இட்லி வைக்கிற நீல ஹாட்பாக்ஸ் அதுதான். அன்றிலிருந்து எனக்குக் 'கூட்டல்' என்று பெயர். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற கன்னியப்பன் கேன்டீனில் என்னைப் பார்த்தாலே ஆரம்பித்துவிடுவான்.

"இன்னா கூட்டலு, சாம்பார்ல எத்தினி முருங்கக்கா கீதுன்னு கூட்டிக்கினு கீறியா?"

"ஒண்ணுதான்டா கீது. அதுவும் உன் தட்டுக்குப் பூட்ச்சு."

நான் கூட்டுத்தொகையை எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வட்டம் போட்டு எழுதுவேன். நாளாக ஆக எல்லோரும் அப்படி எழுத ஆரம்பித்தார்கள். கார் கம்பெனி ஸ்டோரில் இருந்த அந்தப் பெண்ணும் கற்றுக்கொண்டாள். முன்பெல்லாம் அவள் எண்ணைப் படித்ததும் நான் பன்னிரண்டு இலக்கத்தையும் திருப்பிப் படித்துக் காட்ட வேண்டும். அதுதான் முறை. வட்டம் வந்த பிறகு அதை விட்டுவிட்டோம். நான் "நாலு" என்பேன். அவள் "நாலுதாண்ணே" என்பாள். ஃபோனை வைத்துவிடுவோம். இப்படி ஒரு பழக்கத்தை இரண்டு கம்பெனிக்கும் நடுவில் ஏற்படுத்தியது நான்தான். எந்தப் புத்தகத்திலும் அது இல்லை, யாரிடமும் அனுமதி கேட்கவும் இல்லை.

ஒரே ஓர் ஆள் அதைப் பற்றிக் கேள்வி கேட்டான். மாரிமுத்து. கோவில்பட்டிப் பக்கம். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வந்து, கான்ட்ராக்டில் மூன்று வருடமாகத் துளை போடுகிற மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தான். தண்டலத்தில் ஒரே ரூமில் ஆறு பேரோடு இருந்தான். கல்யாணமாகி ஒரு வருடம், மனைவி ஊரில், ஏழு மாதக் கர்ப்பம். நிரந்தரம் செய்யப்போகிற ஆறு பேர் பட்டியலில் அவன் பெயர் இரண்டாவது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். தனியாகக் குழாய் இருக்கிற ஒரு சின்ன வீட்டைப் பார்த்து வைத்திருந்தான். "பர்மனென்ட் ஆனதும் கூட்டியாந்துருவேன் அண்ணாச்சி. பிள்ள இங்கனதான் பொறக்கணும்" என்று என்னிடம் சொல்லியிருக்கிறான்.

ஒருநாள் கேன்டீனில் நான் வட்டத்தைப் பற்றிப் புதியவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். அவன் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடியே கேட்டான்.

"அண்ணாச்சி, ஒரு சந்தேகம். இலக்கத்த முன்னபின்ன மாத்திப் போட்டாலும் கூட்டுனா அதேதான வரும்?"

"யாருப்பா மாத்திப் போடப் போறா?"

"இல்ல, கை தவறி..."

"கை தவறினா தப்பா எழுதுவான். எடம் மாத்தியா எழுதுவான்?"

கன்னியப்பன் சிரித்தான். "தம்பி, கூட்டலுக்கே கணக்கு சொல்லித்தரியா? போய் மோர வாங்கு, காலியாவுது."

மாரிமுத்துவும் சிரித்துக்கொண்டே போய்விட்டான். நானும் மறந்துவிட்டேன்.

அது 2011, மழைக்காலம். ஒரகடம் ரோடெல்லாம் சேறு, ஷிஃப்ட் பஸ் எல்லாம் தாமதம். காலை பத்தரை மணி இருக்கும். மேஜை ஃபோன் அடித்தது. அந்தப் பெண்தான்.

"அண்ணே, நல்ல சேதி இல்ல. உங்க ஹப்ல போல்ட்டு எறங்கல. ஒரு தொள தள்ளிப்போயிருக்கு. லைன் நின்னுடுச்சுண்ணே. ட்ரே நம்பர் சொல்றேன், எழுதிக்குங்க."

கார் கம்பெனியில் கார் பூட்டுகிற லைன் நிற்பது என்றால் என்னவென்று செல்விக்கு இப்போது தெரிந்திருக்கும். பிரபு, உனக்கும் தெரியும். அந்த நிமிடத்தில் ஓர் ஊரே உங்களைத் திட்டுவது மாதிரி இருக்கும். மேனேஜர் என் தலைக்கு மேலே வந்து நின்றார். அவர் காதில் ஒரு ஃபோன், கையில் ஒரு ஃபோன்.

"சீக்கிரம்யா. அவங்க ஆளு என் லைன்லயே இருக்காரு. என்னா நம்பர்?"

அவள் படிக்கப் படிக்க எழுதினேன். அவள் படித்த எண் 403815726619. என் கை எழுதியது 403815726691. அவள் தெளிவாகத்தான் சொன்னாள், எனக்குச் சரியாகத்தான் காதில் விழுந்தது. மேனேஜரை நிமிர்ந்து பார்த்துக்கொண்டே எழுதினேன், கை ஒன்பதை முதலில் போட்டுவிட்டது. இதற்கு மேல் அதற்குக் காரணம் சொல்லத் தெரியவில்லை.

கூட்டினேன். ஐம்பத்திரண்டு. ஐந்தும் இரண்டும் ஏழு.

"ஏழும்மா."

"ஏழுதாண்ணே." பிறகு அவளே சொன்னாள், "இங்க ஒரே கூச்சலா இருக்குண்ணே. எதுக்கும் ஒரு தடவ முழுசா படிச்சுக் காட்டிடுங்களேன்."

மேனேஜர் மேஜையைத் தட்டினார்.

"ஏழுக்கு ஏழு சரியாப் போச்சேம்மா. வைக்கறேன்" என்று வைத்துவிட்டேன்.

"நம்பர் கரெக்டா?" என்றார் மேனேஜர்.

"கரெக்ட் சார்."

"ஷூரா?"

"செக் பண்ணிட்டேன் சார்."

பன்னிரண்டு இலக்கத்தைத் திருப்பிப் படிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று பிற்பாடு கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன். பதினோரு நொடி.

91 என்று முடிகிற எண்ணைக் கம்ப்யூட்டரில் அடித்தார்கள். முந்தின நாள் இரண்டாவது ஷிஃப்ட், ஆறாம் மெஷின், மாரிமுத்து. அந்த ட்ரேயும் அன்று காலை வண்டியில் கார் கம்பெனிக்குத்தான் போயிருந்தது. அதனால் எதுவும் இடிக்கவில்லை, எல்லாம் பொருந்தியது. தப்பு இப்படித்தான் பொருந்தும், செல்வி. பொருந்தாத தப்பை யாராவது பிடித்துவிடுவார்கள்.

நிரந்தர ஊழியர் என்றால் விளக்கம் கேட்டு ஒரு கடிதம் கொடுப்பார்கள், பதில் எழுத அவகாசம் இருக்கும், அதற்குள் மெஷினைத் திறந்து பார்ப்பார்கள். கான்ட்ராக்ட் ஆளுக்கு அதெல்லாம் கிடையாது. கான்ட்ராக்டரின் சூப்பர்வைசர் வந்து அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு, "உன்ன வாபஸ் அனுப்பச் சொல்லிட்டாங்க" என்பார். மதியம் இரண்டாவது ஷிஃப்டுக்கு வந்த மாரிமுத்துவை கேட்டிலேயே அப்படி நிறுத்தினார்கள். அவன் செக்யூரிட்டியிடம் கெஞ்சி, ஐந்து நிமிடம் வாங்கிக்கொண்டு என் மேஜைக்கு வந்தான். மழையில் நனைந்திருந்தான்.

"அண்ணாச்சி, அது என் ட்ரே இல்ல. நா அஞ்சு ஓட்டைக்கும் அளவு கேஜ் விட்டுத்தான் பாக்கேன். கேஜ் எறங்காம ஒண்ணையும் ட்ரேல வைக்கல."

"கம்ப்யூட்டர்ல உன் பேருதாம்பா வருது."

"நம்பர ஒருக்கா பாருங்க அண்ணாச்சி. ஒரே ஒருக்கா."

நான் எழுதிய பேப்பர் என் முழங்கைக்கு அடியில்தான் இருந்தது. ஃபோன் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, "அம்மா, அந்த நம்பரை இன்னொரு தடவை படி" என்று சொன்னால் போதும். நான் சொல்லவில்லை. மேனேஜரிடம் 'ஷூர்' என்று சொல்லியாகிவிட்டது. எண் அறிக்கையில் ஏறியாகிவிட்டது. இன்னொரு தடவை கேட்டால் என் கணக்கை நானே சந்தேகப்படுகிற மாதிரி ஆகும்.

"பாத்துட்டேம்பா" என்றேன். "நம்பர் பொய் சொல்லாது."

அவன் நெற்றியில் வழிந்த மழைத் தண்ணீரைத் துடைத்துக்கொண்டான். கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு இன்றைக்குக் கொஞ்சம் லேசாக இருக்கும்.

"சரி அண்ணாச்சி. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

பையிலிருந்து கம்பெனி கையுறையையும் காதடைப்பானையும் எடுத்து மேஜையில் வைத்தான். "ஸ்டோர்ல சேத்துருங்க" என்றான். போய்விட்டான்.

அவன் ஓட்டிய மற்ற ட்ரேக்களை எல்லாம் தனியாக எடுத்து மூன்று நாள் ஒவ்வொரு ஹப்பாகக் கேஜ் வைத்துப் பார்த்தோம். ஒன்றுகூடத் தப்பில்லை. அப்போதாவது ஒருவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. 'ஒரே ஒரு ட்ரேயில் கவனக்குறைவு' என்று அதையும் அவன் மேலேயே எழுதினோம். எழுதிக் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன்.

நான்காம் நாள் ஃபோன் அடித்தது.

"அண்ணே, இன்னும் மூணு ட்ரே. அதே தொளதான் தள்ளிப்போயிருக்கு." முதல் எண்ணின் கடைசி நான்கு இலக்கம் 6612. அடுத்தது 6617. அடுத்தது 6623. "எல்லாம் அன்னிக்குச் சொன்ன பத்தொன்பதுக்கு அக்கம்பக்கம்தாண்ணே. நீங்க அதெல்லாம் ஹோல்டு பண்ணி நிறுத்தலியா?"

"எந்தப் பத்தொன்பது?"

"ஆறு ஆறு ஒண்ணு ஒம்போது. லைன் நின்னுதே, அந்த ட்ரே."

"அண்ணே, இருக்கீங்களா?" என்று இரண்டு மூன்று தடவை கேட்டாள்.

ஃபோனை வைத்துவிட்டுப் பழைய பேப்பரை எடுத்தேன். 91. அதிலிருந்து 19ஐக் கழித்தேன். எழுபத்திரண்டு. எட்டொன்பது எழுபத்திரண்டு. எந்த இரண்டு இலக்கத்தை இடம் மாற்றினாலும், எவ்வளவு பெரிய எண்ணிலும், வித்தியாசம் ஒன்பதால் மீதியில்லாமல் வகுபடும். ஆகவே ஒன்பதை வைத்துச் சரிபார்க்கிறவன் கண்ணில் அந்தத் தப்பு ஒருநாளும் படாது. இலக்கம் எந்த இடத்தில் நின்றாலும் ஒன்றுதான் என்று நான் பெருமையாகச் சொன்னேனே, அதன் அர்த்தம் இதுதான். எண்ணுக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று ஒன்பதுக்குத் தெரியும். யார் எங்கே நிற்கிறார்கள் என்று தெரியாது.

கேன்டீனில் தட்டோடு நின்றுகொண்டு அவன் கேட்டது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

பதினொன்றுக்கும் ஒரு கணக்கு உண்டு. வலது பக்கத்திலிருந்து ஓர் இலக்கத்தைக் கூட்டு, அடுத்ததைக் கழி, அடுத்ததைக் கூட்டு, இப்படியே போக வேண்டும். பக்கத்துப் பக்கத்து இலக்கம் இடம் மாறினால் அது காட்டிக்கொடுத்துவிடும். அன்று செய்து பார்த்தேன். அவள் சொன்ன எண்ணுக்கு மீதி எட்டு, நான் எழுதிய எண்ணுக்கு மூன்று. இதுவும் எனக்குப் பத்தாவதிலேயே தெரியும். பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். கூட்டுவதும் கழிப்பதும் மாறி மாறி வருவதால் கொஞ்சம் மெதுவாக ஆகும். அவ்வளவுதான். அதனால் ஒன்பதை எடுத்துக்கொண்டேன்.

19 என்று முடிகிற ட்ரே, மாரிமுத்துவின் ட்ரே ஓடிய அதே நாள் காலை ஷிஃப்டில், இரண்டாம் மெஷினில் ஓடியது. மெஷினைத் திறந்து பார்த்தார்கள். ஹப்பை அசையாமல் பிடித்துவைக்கிற முளை தேய்ந்திருந்தது. பத்துக்கு ஒரு ஹப்பைக் கேஜ் வைத்துப் பார்ப்பதுதான் முறை, அதில் அது அகப்படவில்லை, ஓட்டியவர் மேல் தப்பில்லை. புது முளை போட்டார்கள், அரை மணி நேர வேலை. யார்மேலும் தப்பில்லாத ஒரு விஷயத்துக்கு ஓர் ஆள் வெளியே போயிருந்தான்.

மேனேஜர் அறைக்குப் போய், கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"கஸ்டமருக்கு என்ன ரிப்போர்ட் போயிருக்கு, தெரியுமா? 'ஆபரேட்டரை நீக்கிட்டோம்'னு போயிருக்கு. இப்ப நம்பரே தப்புன்னா, நம்ம ரிப்போர்ட் எதையுமே அவங்க நம்ப மாட்டாங்க."

"அந்தப் பையன் சார்..."

"மெஷின் மேட்டரை தனி ரிப்போர்ட்டா அனுப்பறேன். அது தனி, இது தனி. உனக்கும் வேலை போவும்யா. ரெண்டு புள்ளைங்க படிக்குதுன்ற. யோசி."

எங்கள் அறிக்கையில் 91. அவர்கள் ஃபைலில் 19. இரண்டு கம்பெனியிலும் அதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒருவர்கூடப் பார்க்கவில்லை.

நான் யோசித்தேன். பிரபு, நீ அப்போது ஐந்தாவது. செல்வி எட்டாவது. உங்களைக் காரணம் சொல்லித் தப்பிக்கப் பார்க்கவில்லை. வேலை போகும் என்று பயந்தேன். 'கூட்டல்' என்கிற பேர் போகும் என்றும் பயந்தேன். இரண்டில் எது பெரிய பயம் என்று இன்றைக்கும் எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. மறுபடி நான் வாயைத் திறக்கவில்லை. ஆறு பேர் பட்டியலில் ஐந்து பேரை எடுத்துக்கொண்டார்கள்.

கான்ட்ராக்டர் ஆபீசில் கேட்டேன். "ஊருக்குப் பூட்டான் சார்" என்றார்கள். எந்த ஊர், என்ன முகவரி? "அவன் சேர்ந்தப்ப இருந்த சூப்பர்வைசரே இப்ப இல்ல சார். போன ஆளுங்க நம்பரெல்லாம் வெச்சிக்கறதில்ல." தண்டலத்து ரூமுக்குப் போனேன். அவன் பாய் இருந்த இடத்தில் வேறு ஒரு பையன் பாய் போட்டிருந்தான். அடுத்த வருடம் கான்ட்ராக்டரே மாறிவிட்டார். தேடிப்போய்க் கேட்க ஓர் ஆபீஸ்கூட இல்லாமல் போய்விட்டது.

நான் ரிட்டயர் ஆகும்வரை அதே மேஜையில்தான் இருந்தேன். அந்தப் பெண் படித்தால் முழுசாகத் திருப்பிப் படித்துக் காட்டினேன், பின்னாலிருந்தும் ஒரு தடவை படித்தேன். வட்டம் போடுவதை எல்லோரும் நிறுத்த வேண்டும் என்று சொன்னேன். ஏன் என்று கேட்டார்கள். நான் காரணம் சொல்லாததால் யாரும் நிறுத்தவில்லை. இப்போதும் அங்கே எழுதுகிறார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். ஒரு சோதனை 'சரி' என்று சொன்னால், எந்தத் தப்பை அது பார்க்கவே பார்க்காது என்று முதலில் கேளுங்கள். ஒன்பதின் கணக்கு இடம் மாறினால் பார்க்காது. பூஜ்ஜியத்துக்குப் பதில் ஒன்பது எழுதினாலும் பார்க்காது. மேலே நிற்கிறவர் அவசரப்படுத்தும்போது பதினோரு நொடி கேட்டு வாங்குங்கள். ஒருவன் உங்கள் முன்னால் வந்து நின்று "ஒருக்கா பாருங்க" என்றால் பாருங்கள். முன்பே பார்த்திருந்தாலும் பாருங்கள். இதையெல்லாம் நீங்கள் செய்தால் உங்கள் கையால் இன்னொரு மாரிமுத்து போகாமல் இருக்கலாம். அந்த மாரிமுத்துவுக்கு இதனால் ஒன்றும் இல்லை. அதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். பாடம் கற்றுக்கொண்டேன் என்று சொல்லி மனதைத் தேற்றிக்கொள்ள எனக்கு உரிமை கிடையாது.

கடைசியாக ஒன்று. இதை உங்கள் அம்மாவிடமும் சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஓ.டி.க்கு யார் யார் வருவார்கள் என்று கான்ட்ராக்டர் ஒரு பட்டியல் கொடுப்பார், பெயரும் மொபைல் எண்ணும். அதைப் பார்த்து என் ரெஜிஸ்டரில் எழுதிக்கொண்டு பட்டியலைத் தூக்கிப்போட்டுவிடுவேன். அப்படி மாரிமுத்துவின் எண் என்னிடம் இருந்தது. பக்கத்தில் என் வட்டமும் இருந்தது. அவன் போய் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, ஓ.டி. இல்லாத நாள், வீட்டில் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு ரெஜிஸ்டரோடு ஒரகடம் போனேன். பஸ் நிற்கிற இடத்தில் யாரும் இல்லை. அங்கே உட்கார்ந்து அந்த எண்ணுக்கு அடித்தேன். ஓர் அம்மா எடுத்தார்.

"மாரிமுத்தா? அப்படி யாரும் இல்லீங்க. ராங் நம்பர்."

"இது முன்னாடி அவரோட நம்பரா இருந்துதாம்மா?"

"அஞ்சு வருசமா இது என் நம்பர்தாங்க."

அப்படியானால் அது எந்தக் காலத்திலும் அவன் எண்ணாக இருந்ததில்லை. பட்டியலைப் பார்த்து எழுதும்போதே நான் தப்பாக எழுதியிருக்கிறேன். வட்டம் மட்டும் பட்டியலோடு சரியாக இருந்தது, ஆகவே இங்கேயும் பக்கத்துப் பக்கத்து இலக்கம்தான் இடம் மாறியிருக்க வேண்டும்.

பத்து இலக்கத்தில் பக்கத்துப் பக்கத்து ஜோடி ஒன்பது. அதில் ஒரு ஜோடியில் இரண்டும் ஒரே இலக்கம், மாற்றினாலும் மாறாது. மிச்சம் எட்டு. ரெஜிஸ்டரின் கடைசிப் பக்கத்தில் எட்டு எண்ணையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினேன். பழக்கத்தில் கை ஒவ்வொன்றையும் கூட்டியது. எட்டுக்கும் அதே வட்டம்தான் வந்தது. எது அவனுடையது என்று அந்த வட்டத்தால் சொல்ல முடியவில்லை.

முதலிலிருந்து அடித்தேன். நான்கு எண்கள் உபயோகத்தில் இல்லை. ஒருவர் இந்தியில் பேசினார். ஒரு குழந்தை எடுத்து, யார் என்று கேட்காமல் சிரித்துவிட்டு வைத்தது. ஏழாவதில் ஓர் ஆள், "யாருங்க, சொல்லுங்க" என்றார், அவன் குரல் இல்லை. எட்டாவதில் மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்து நின்றது. யாரும் எடுக்கவில்லை.

ஃபோனைக் கீழே வைத்தேன். பிறகு மறுபடி எடுத்து, அந்த எட்டாவது எண்ணைப் பத்து இலக்கத்தையும் ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்து, பின்னாலிருந்தும் ஒரு தடவை படித்து, இன்னொரு முறை அடித்தேன்.